மீனுக்கும் மானிறைச்சிக்கும் இடையில் பத்துக் கம்பிகள்

அந்த மாலையில் நடந்தவை, நடந்த ஒழுங்கில்:

1. நான்கு மணிக்கு ஹார்ப்சிகோர்டுக்குச் சுருதி சேர்த்து முடித்தேன். என் ஏழு வருட வேலையில் அவ்வளவு இனிமையாகச் சேர்த்ததில்லை.
2. ஆறரைக்கு சூப் வந்தது. நாங்கள் வாசித்தோம்.
3. சூப் கோப்பைகளை எடுக்கத் தொடங்கியபோது, அந்த இனிமையான சுருதி இன்னும் அரை மணித்தியாலத்தில் வீட்டுக்கார அம்மாவை அவருடைய விருந்தினர் முன்னால் அவமானப்படுத்தப்போகிறது என்பதைக் கண்டுபிடித்தேன்.
4. சாந்தி அக்கா மீனுக்கு முள் எடுக்கவில்லை.
5. இங்கர் தன் பாவாடையை விரித்து, இருபது நிமிடம் சுவராக நின்றார்.
6. நான் அந்தச் சுவருக்குப் பின்னால் முழங்காலில் இருந்து பத்துக் கம்பிகளை முறுக்கினேன்.
7. எல்லாம் சரிவந்தது. சரிவந்த காரணத்தாலேயே அடுத்தது பிழைவந்தது.

எங்கள் தமிழ்ப் பள்ளி மலருக்கு ‘ஓய்வுபெற்றோர் பக்கம்’ எழுத ஆள் தேடினார்கள். எனக்கு முப்பத்தைந்து வயது என்று சொன்னேன். “வேலையை விட்டிட்டீர்தானே பிள்ளை? அப்ப அது ஓய்வுதான்,” என்றார் மலர் ஆசிரியர். அதே கிழமையில், என் இடத்துக்கு வந்திருக்கும் மதில்டே என்ற பெண்ணும் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தாள்: “உன் பட்டியலில் இருபத்திநான்காவது வரி எதற்கு? ஒருவரும் விளக்கம் சொல்கிறார்களில்லை. கேட்டால் சிரிக்கிறார்கள்.” இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்.

வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். விபோர்க், ரண்டர்ஸ் என்ற இரண்டு டேனிஷ் ஊர்களுக்கு நடுவில், ஏரிக்கரையில் ஒரு பழைய பிரபு மாளிகை இருக்கிறது. அதன் சொந்தக்காரி பெனெடிக்டே ஒவ்வொரு கோடையிலும் எட்டு மாலைகள் அங்கே விருந்து வைப்பார். இருபத்திநான்கு பேர், நீண்ட ஒரே மேசை. எங்கள் குழுவின் ஐந்து பேர் மேசைக்குப் பக்கத்தில் இருந்து, முந்நூறு வருடங்களுக்கு முன் அரசர்கள் சாப்பிடும்போது வாசித்த இசையை வாசிப்பார்கள். மேசை இசை என்றே அதற்குப் பெயர். யாரும் கவனித்துக் கேட்க வேண்டியதில்லை. கத்தியும் முள்ளுக்கரண்டியும் சத்தம் போடலாம், பக்கத்துக் கதிரைக்காரரோடு கதைக்கலாம். இசை சூப்பின் ஆவிபோல மேலே நின்றால் போதும்.

மண்டபத்துக்குள் கால் வைக்கும் எல்லாரும் அந்தக் காலத்து உடையில்தான் இருக்க வேண்டும் என்பது பெனெடிக்டேயின் சட்டம். வாசிப்பவர்களுக்குப் பட்டும் பொய்முடியும். சுருதி சேர்ப்பவளான எனக்கு வேலைக்காரப் பெண்ணின் வெள்ளைத் தொப்பியும் ஏப்ரனும். ஏப்ரன் பையில் சுருதிச் சாவி, டோர்ச், கொப்பி. கொப்பியில் என் பட்டியல், இருபத்திமூன்று வரிகள்.

என் படிப்பு மின்னணுவியல், பிறகு ஒலிப் பொறியியல். முதல் வேலை பிராண்டேயில், காற்றாலை இறகுகளின் இரைச்சலை அளப்பது. இரண்டு குளிர்காலம் சனிக்கிழமைகளில் ஒரு வாத்தியம் செய்பவரின் பட்டறைக்குப் போய் ஹார்ப்சிகோர்ட் பழகினேன். “காத்தாடிச் சத்தம் காணாதெண்டு பெட்டிச் சத்தமும் தொடங்கிட்டாள்,” என்று அப்பா தொலைபேசியில் எல்லாருக்கும் அறிவித்தார். பயிற்சிக் காலம் அவ்வளவுதான்.

ஹார்ப்சிகோர்ட் பார்க்க மெலிந்த பியானோ. உள்ளே சுத்தியல் இல்லை. கட்டையை அமுக்கினால் ஒரு சின்ன இறகுத்துண்டு கம்பியை மீட்டும். எங்களுடையது பயணத்துக்கென்று செய்த சிறிய வாத்தியம், கட்டைக்கு ஒரே ஒரு கம்பி. ஜன்னலைத் திறந்தால் சுருதி ஒரு பக்கம் விலகும், மூடினால் மற்றப் பக்கம். மெழுகுதிரி ஏற்றினால் விலகும். இருபத்திநான்கு பேர் மூச்சு விட்டால் விலகும்.

குழுவின் தலைவி இங்கர், வயலின்காரி. அறுபதை நெருங்கியவர், உயரமானவர். அவர் குரல் உயர்த்தி நான் கேட்டதில்லை. விருந்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பு வந்து வாத்தியத்தைச் சோதிப்பார். ஒழுங்கு மாறாது. முதலில் கையுறையைக் கழற்றி மேலே வைப்பார். பிறகு மூன்று இடங்களில் மட்டும், இரண்டிரண்டு கட்டைகளாக அமுக்குவார். அமுக்கிய கையை எடுக்காமல் சத்தம் முழுக்க அடங்கும் வரை நிற்பார். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். நல்லது என்ற சொல் அவரிடம் இல்லை. “இதோடு வாழலாம்,” என்றால் உச்சப் பாராட்டு. “சுவாரசியம்,” என்றால் முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அவருக்கு இரண்டு விதிகள். ஒன்று, முள் காட்டும் மின்னணுக் கருவி வைத்துச் சுருதி பார்க்கக் கூடாது. “காது இருக்கிறவளுக்கு முள் எதற்கு?” என்பார். ஒலிப் பொறியியல் படித்தவளிடம் சொல்கிற கதையா? வாதாடாமல் கருவியைப் பையின் அடியில் வைத்திருந்தேன். இரண்டாவது, மன்னிப்புக் கேட்பதெல்லாம் மேசை துடைத்த பிறகு. விருந்து நடக்கும்போது யாராவது “மன்னியுங்கள் இங்கர்” என்று தொடங்கினால், விரலால் மேசையைக் காட்டுவார். இன்னும் துடைக்கவில்லை என்று அர்த்தம்.

அந்தக் கோடையில் பெனெடிக்டேயின் தம்பி மகன் காஸ்பர், கோபன்ஹேகனில் இருந்து நான்கு ஸ்பீக்கர்களோடு வந்து இறங்கினான். ஒவ்வொன்றும் குளிர்சாதனப் பெட்டியின் பாதி உயரம். “சாப்பிடும்போது ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஐந்து பேர், ஒரு வான், பொய்முடி, எதற்கு இதெல்லாம்?” என்று அத்தையிடம் சொன்னான். பெனெடிக்டே நியாயமானவர். பரீட்சை வைத்துப் பார்ப்போம் என்றார். கடைசி விருந்தில் சூப்புக்கு நாங்கள், மீனுக்கு ஸ்பீக்கர், மானிறைச்சிக்கு ஸ்பீக்கர், ஸ்ட்ரோபெரிக்கு நாங்கள். முடிந்ததும், அடுத்த கோடையின் எட்டு மாலைகளும் யாருக்கு என்று அவர் சொல்வார். எங்கள் ஐந்து பேருக்கும் கோடை என்றால் அந்த எட்டு மாலைகள்தான். மற்ற வேலைகளெல்லாம் அதைச் சுற்றித்தான் நின்றன.

இவ்வளவோடு விட்டிருக்கலாம். பெனெடிக்டே சின்ன வயதில் புல்லாங்குழல் படித்தவர். மீனுக்கும் மானிறைச்சிக்கும் நடுவில் தானும் ஒரு துண்டு வாசிக்கப்போவதாக அறிவித்தார். ஜி மேஜரில் ஒரு சொனாட்டா, ஹார்ப்சிகோர்டோடு மட்டும். நாற்பது வருடத்துக்குப் பிறகு முதல் தடவை. அறிவித்தபோது முகம் பதினாறு வயதுப் பெட்டையின் முகம்.

அவருடையது இன்றைய காலத்துக் குழல். எங்கள் இசைக்கான பழைய சுருதி இன்றையதைவிட அரைச் சுரம் தாழ்ந்தது. அதற்கு எங்கள் வாத்தியத்தில் ஒரு வசதி உண்டு: கட்டைப்பலகை முழுவதையும் ஒரு கட்டை அகலம் வலப்பக்கம் தள்ளலாம். ஒவ்வொரு கட்டையும் தன் கம்பியை விட்டுப் பக்கத்துக் கம்பியை மீட்டும், எல்லாம் அரைச் சுரம் ஏறிவிடும். காலையில் அப்படித் தள்ளி ஒத்திகை பார்த்தார்கள். அழகாக இருந்தது.

ஒத்திகை முடிந்த பிறகு நான் சுருதி சேர்த்தேன். பிழை அங்கேதான்.

பன்னிரண்டு சுரங்களையும் ஒன்றோடொன்று முழுச் சுத்தமாகச் சேர்க்க முடியாது. கணக்கு இடம் கொடுக்காது. பியானோவில் அந்தக் குறையை எல்லாச் சுரங்களுக்கும் சமமாகப் பங்கிட்டுவிடுவார்கள். முந்தின நாள் வேறொரு கச்சேரிக்காக எங்கள் வாத்தியமும் அப்படித்தான் இருந்தது; காலை ஒத்திகை நடந்ததும் அதில்தான். பழைய முறை வேறு. அடிக்கடி வரும் சுரங்களைத் தேனாக வைத்துக்கொண்டு, குப்பை முழுவதையும் கூட்டி, யாரும் சேர்த்து வாசிக்காத இரண்டு சுரங்களுக்கு நடுவில் தள்ளிவிடுவோம். அலுமாரிக்குப் பின்னால் தள்ளுவதுபோல. அந்த இரண்டையும் சேர்த்து அமுக்கினால் ஊளையிடும். அதனால் அதற்கு ஓநாய் என்று பெயர்.

நான் சேர்த்தது அந்தப் பழைய முறை. இங்கர் வந்து மூன்று இடங்களில் அமுக்கினார். “இதோடு நீண்ட காலம் வாழலாம்,” என்றார். நீண்ட காலம் என்ற சொல்லை அவர் முன்பு சேர்த்ததேயில்லை. நான் மிதந்துகொண்டு போய்த் தொப்பி மாட்டினேன்.

சூப் நேரம் முழுக்க மிதப்புத்தான். கடைசிக் கரண்டி விழும்போது மண்டப ஓரத்துத் திரைக்குப் பின்னால் நின்று கொப்பியைத் திறந்தேன். பத்தொன்பதாவது வரி: ‘பெனெடிக்டேக்காகக் கட்டைப்பலகையைத் தள்ளு.’ தள்ளினால் ஜி கட்டை எந்தக் கம்பியை மீட்டும் என்று சும்மா மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஜி ஷார்ப் கம்பியை. டி கட்டை? ஈ ஃபிளாட் கம்பியை. ஓநாயை நான் கட்டிவைத்திருந்தது சரியாக அந்த இரண்டு கம்பிகளுக்கும் நடுவில். ஜி மேஜர் சொனாட்டா ஜி, டி இரண்டையும் சேர்த்து அமுக்கித்தான் தொடங்குகிறது, அமுக்கித்தான் முடிகிறது, நடுவில் நூறு தடவை அமுக்குகிறது. அலுமாரியைத் தள்ளி, குப்பையை நடு விறாந்தையில் வைத்தாயிற்று.

இங்கரிடம் போனேன். “மன்னி—” என்றேன். அவர் மேசையைக் காட்டினார். சரி என்று விஷயத்தை மட்டும் சொன்னேன்.

“எத்தனை கம்பி?”

“இரண்டு சுரம்தான். ஜி ஷார்ப், சி ஷார்ப். இரண்டையும் கொஞ்சம் ஏற்றிவிட்டால் ஜி மேஜர் சுத்தமாகிவிடும். ஒவ்வொன்றும் ஐந்து இடத்தில் வரும், எல்லாமாகப் பத்துக் கம்பி.”

“எவ்வளவு நேரம்?”

“அவசரப்பட்டால் அறுந்துவிடும். இருபது நிமிடம்.”

“மீன் எவ்வளவு நேரம்?”

தெரியாது. குசினிக்கு ஓடினேன்.

சாந்தி அக்கா விபோர்க்கில் இருந்து வருபவர், மாளிகைக் குசினியில் பதினொரு வருடமாக வேலை. தட்டையான முழு மீன்கள் இருபத்திநான்கு அவருக்கு முன்னால் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றுக்கும் முள் எடுத்து மேசைக்கு அனுப்புவது அவருடைய பொறுப்பு.

“அக்கா, மீன் சாப்பிட எவ்வளவு நேரம் எடுப்பினம்?”

“எட்டு நிமிஷம். ஏன், உந்தப் பெட்டி திரும்பவும் மக்கர் பண்ணுதோ? எத்தினை தரம்தான் திருகுவீர் பிள்ளை! மனுசரெண்டால் இதுக்குள்ள விவாகரத்து எடுத்திருக்கும்.”

“எனக்கு இருபது நிமிஷம் வேணும் அக்கா. இல்லாட்டி அம்மா வாசிக்கேக்க பெட்டி ஊளையிடும்.”

“ஆர், எங்கட பெனெடிக்டேயோ?” கத்தி நின்றது. “மனுசி ஒரு மாசமா குசினிக்குள்ள நிண்டெல்லே ஊதிப் பழகினது! எனக்கே பாடம்.” பெரிய சமையற்காரர் அந்தப் பக்கம் திரும்பி இறைச்சிக் குழம்போடு போராடிக்கொண்டிருந்தார். சாந்தி அக்கா கத்தியைக் கழுவி, துடைத்து, மேசை இலாச்சிக்குள் வைத்தார். “சரி. முள்ளோடயே போகட்டும். இவை முள்ளைக் கண்டால் பயம். பல்லுக்கு டொக்டரிட்டப் போறமாதிரி மெல்ல மெல்லத்தான் தின்னுவினம். இருபத்தஞ்சு நிமிஷம் தாறன், ஓடும்.”

மண்டபத்தில் காஸ்பரின் ஸ்பீக்கர்கள் தொடங்கியிருந்தன. ஏதோ ஒரு பெரிய வாத்தியக் குழு, பறை அதிர்வோடு. அந்தச் சத்தம் மட்டும் இல்லாவிட்டால் நான் கம்பி மீட்டுவது முழு மேசைக்கும் கேட்டிருக்கும். ஆனால் அந்தச் சத்தத்தில் எனக்கும் ஒன்றும் கேட்கவில்லை. காதை வாத்தியத்தின் பலகையோடு ஒட்டிப் பார்த்தேன். காஸ்பரின் பறைதான் கேட்டது.

பையின் அடியில் இருந்து கருவியை எடுத்தேன். அதன் கிளிப்பைப் பலகையில் மாட்டினால் காற்றில் வரும் சத்தத்தை விட்டு, மரத்தின் அதிர்வை மட்டும் எடுக்கும். இங்கர் பார்த்தார். ஒரு புருவம் ஏறியது. பிறகு எனக்கும் மேசைக்கும் நடுவில் வந்து நின்றார். அரண்மனைக்காரிகளின் பாவாடைக்குள் இரண்டு பக்கமும் பிரம்புக் கூடு இருக்கும்; அகலம் ஒரு கதவளவு. அதை இரண்டு கையாலும் இன்னும் விரித்துக்கொண்டு, விருந்தினரைப் பார்த்துப் புன்னகைத்தார். கட்டைப்பலகையை முதலில் தள்ளிவிட்டு, நான் பின்னால் முழங்காலில் விழுந்தேன்.

முறை இதுதான். நகத்தால் கம்பியை மீட்டு. கருவியின் முள்ளைப் பார். சாவியை ஆணியில் வை. மணிக்கட்டால் அல்ல, மூச்சால் திருப்புவதுபோல் திருப்பு. நில். கம்பி தன் புது இடத்தை ஒத்துக்கொள்ளட்டும். திரும்ப மீட்டு. தடித்த கம்பிகள் சொல்வழி கேட்டன. மூன்றாவது முடியும்போது எனக்குச் சிரிப்பு வரத் தொடங்கியது. மேசையில் இருபத்திநான்கு பேரும் முள்ளைக் கையால் இழுத்து, சாப்பாட்டுக் கோப்பை ஓரத்தில் அடுக்கி, ஒருவருக்கொருவர் எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு கனவான் பாவாடைக்குப் பக்கவாட்டில் எட்டிப் பார்த்து, முள் நிறைந்த கோப்பையை என்னிடம் நீட்டினார்.

“பெண்ணே, இதை எடுத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் உருளைக்கிழங்கு கொண்டுவா.”

“இதோ,” என்றேன். ஆறாவது கம்பி. கோப்பையை என்ன செய்வது? இங்கரின் கை பின்னால் வந்தது. கோப்பையை வாங்கியது. அவர் புன்னகை மாறாமல் அதைப் பக்கத்தில் வந்த ஹார்ப்சிகோர்ட்காரர் ட்ரூல்ஸிடம் கொடுத்தார். “உருளைக்கிழங்கு,” என்றார். ட்ரூல்ஸ் பொய்முடியோடும் பட்டுக் காலுறையோடும் குசினிக்குப் போய், உருளைக்கிழங்கோடு வந்து, குனிந்து பரிமாறினார். கனவான் கைதட்டினார். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு அங்கம் என்று நினைத்திருப்பார்.

ஒன்பதாவது. பத்தாவது மிக மெல்லியது, முழுக் கம்பிகளிலும் அறுவதற்கு ஆசைப்படுவது. அரைச் சுரத்தின் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக ஏற்ற வேண்டும். சாவியைத் திருப்பினேன். டிக் என்று ஒரு சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது கம்பி இருந்தது. டிக் என்றது என் முழங்கால்.

ஸ்பீக்கர் நின்றது. பெனெடிக்டே எழும்பினார். குழலை ஹார்ப்சிகோர்டோடு சரிபார்த்தார். வாத்தியம் ஒரு நூல் உயரத்தில் இருந்ததால் குழலின் தலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினார். ட்ரூல்ஸ் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். ஜி, டி இரண்டையும் சேர்த்து அமுக்கினார்.

ஓநாய் இல்லை. காலை ஒத்திகையைவிட நூறு மடங்கு சுத்தம். பெனெடிக்டேக்கே அது தெரிந்தது. இரண்டாவது வரியில் அவர் தோள் இறங்கியது, மூன்றாவது வரியில் குழல் பாடியது. குசினிக் கதவுக்குள் சாந்தி அக்கா கரண்டியோடு நின்று, வாயால் கூடவே ஊதினார். முடிந்ததும் முழு மேசையும் எழும்பிக் கைதட்டியது. நான் திரைக்குப் பின்னால் சத்தமில்லாமல் குதித்தேன். தொப்பி விழுந்தது.

பெனெடிக்டேயின் முகம் சிவந்திருந்தது. மானிறைச்சி உள்ளே வந்தது. காஸ்பர் பொத்தானுக்குக் கை கொண்டுபோனான்.

“வேண்டாம் காஸ்பர்! இப்போது ஸ்பீக்கர் வேண்டாம். நீங்கள் வாசியுங்கள். இங்கர், இப்பவே, உடனே!”

வென்றுவிட்டோம். அதுதான் ஆபத்து. மானிறைச்சிக்கு ஸ்பீக்கர் போடும்போது அந்தப் பத்துக் கம்பிகளையும் பழையபடி இறக்கிவிடலாம் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன். ட்ரூல்ஸ் அதற்குள் கட்டைப்பலகையை இடப்பக்கம் தள்ளிவிட்டார். ஏற்றிய ஜி ஷார்ப்பும் சி ஷார்ப்பும் ஏறியபடியே தங்கள் பழைய வீட்டுக்கு வந்து நின்றன. அடுத்து இருந்தது டி மேஜரில் ஒரு துள்ளல் தொகுப்பு, சி ஷார்ப் இல்லாமல் நான்கு அடி நகராது. இப்போது ஓநாய் ஒன்றல்ல, குட்டியும் போட்டிருந்தது.

இங்கர் வில்லுக்கு ரோசின் பிசின் பூசுவதுபோல் என் பக்கம் சாய்ந்தார். “எதை வாசிக்கலாம்?”

பட்டியல் என்றால் எனக்கு வாய் தானாகத் திறக்கும். “டி, ஏ, ஈ மூன்றும் முடியாது. பி ஃபிளாட் சரி, எஃப் சரி. சி மைனர் அற்புதமாக இருக்கும்.”

“எங்களிடம் உள்ள சி மைனர் ஒரு புலம்பல்.”

“ஓம்.”

“மானிறைச்சிக்கு.”

“ஓம். பி ஃபிளாட்டிலும் எஃப்பிலும் இசைத்தாள் கொண்டுவரவில்லை.”

“சுவாரசியம்,” என்றார். வில்லை உயர்த்தினார்.

அந்தப் புலம்பலை நான் பல தடவை கேட்டிருக்கிறேன், ஆனால் அந்தச் சுருதியில் அதற்கு முன் கேட்டதில்லை. ஏற்றிய கம்பிகள் அதற்கென்றே பிறந்தவைபோல நின்றன. முதல் வரியில் கதை குறைந்தது. இரண்டாவதில் கத்திகள் நின்றன. உருளைக்கிழங்குக் கனவான் முள்ளுக்கரண்டியை வாய்க்கும் கோப்பைக்கும் நடுவில் பிடித்தபடி மறந்துவிட்டார். மாலை வெயில் ஏரியில் இருந்து மண்டபத்துக்குள் சரிந்து விழுந்துகொண்டிருந்தது. இருபத்திநான்கு பேரும் அசையவில்லை. காஸ்பர்கூட. பத்து நிமிடம் யாரும் ஒரு வாய் சாப்பிடவில்லை.

முடிந்தபோது குசினிக் கதவு திறந்து, சாந்தி அக்காவின் தலை மட்டும் வெளியே வந்தது. “ஒருத்தரும் தொடேல்லையே! இறைச்சி ஐஸ் மாதிரிக் கிடக்கு. இனி ஆர் சூடாக்கிறது?” என்று எனக்கு மட்டும் விளங்கும் மொழியில் முழு மண்டபத்துக்கும் கேட்கச் சொன்னார்.

மேசை துடைத்த பிறகு நான் பெனெடிக்டேயிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஓநாய், பத்துக் கம்பி, கருவி. மீனைப் பற்றி மட்டும் சொல்லவில்லை. அது என் பிழை அல்லவே. அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும் வரை.

பிறகு எல்லாரையும் முற்றத்துக்குக் கூப்பிட்டார். காஸ்பரும் வந்தான்.

“நான் இருபத்திநான்கு பேரைச் சாப்பிடவும் கதைக்கவும் கூப்பிட்டேன்,” என்றார். “நீங்கள் வாசித்தீர்கள், அவர்கள் சாப்பிடவும் இல்லை, கதைக்கவும் இல்லை. மேசை இசையாக இது முழுத் தோல்வி. அடுத்த வருடம் சாப்பாட்டுக்குக் காஸ்பரின் ஸ்பீக்கர்.”

காஸ்பர் சிரிக்கத் தொடங்கினான். இங்கர் தலை குனிந்தார்.

“நான் இன்னும் முடிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும் கதிரைகளை இந்தப் பக்கம் திருப்பிப் போடுவோம். அதன் பிறகு ஒரு மணித்தியாலம் நீங்கள். எட்டு மாலையும். நானும் ஒரு துண்டு வாசிப்பேன், ஆகவே அந்தப் பத்துக் கம்பிகளையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.”

இங்கர் நிமிர்ந்தார். “வாழலாம்,” என்றார்.

மதில்டே, இருபத்திநான்காவது வரி இதுதான்: ‘தள்ளுவதற்கு முன், ஓநாய் எங்கே போய்க் குந்தும் என்று பார்.’

இப்போதைய நிலை இப்படி. நான் பிராண்டேயில் முழுநேரமாகக் காற்றாலைச் சத்தம் அளக்கிறேன். மகள் பிறந்த பிறகு வாத்தியத்துக்குள் குனியும் வேலையை விட்டேன். குழு பொய்முடி இல்லாமல், சாதாரணக் கறுப்பு உடையில் வாசிக்கிறது. சாப்பாட்டு நேரத்துக்கு ஸ்பீக்கரைக் காஸ்பர் பார்த்துக்கொள்கிறான். அது முடிந்ததும் அவனே கதிரைகளைத் திருப்பிப் போட்டு முன்வரிசையில் இருக்கிறான். இந்தக் கோடையிலும் எட்டு மாலைகள் உண்டு.